88 டிகிரியில் கொதிக்கும் தண்ணீர்

டார்ஜிலிங் மலைத்தொடரில் சந்தக்ஃபூ உச்சிக்கு இன்றும் ஏறிக்கொண்டிருக்கும் 1950களின் லேண்ட் ரோவர்களுக்குப் பாதையைவிடப் பெரிய சோதனை ரேடியேட்டருக்குள் காத்திருக்கிறது

டார்ஜிலிங் நகரிலிருந்து ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேற்பட்ட பயணத்தில் வந்துவிடுகிறது மானேபஞ்சாங். சுமார் 2,000 மீட்டர் உயரத்தில், இந்தியாவும் நேபாளமும் தோளோடு தோள் உரசும் இடத்தில் ஒரு சின்னக் கடைத்தெரு. நாலு எட்டு எடுத்து வைத்தால் வேறு நாடு. ஆனால் இந்த ஊருக்குப் பெயர் வாங்கித் தந்தது எல்லைக்கோடு அல்ல. காலைப் பனி விலகும்போது தெருவோரத்தில் மூக்கை வெளியே நீட்டியபடி வரிசையாக நிற்கும் பழைய லேண்ட் ரோவர்கள்தான்.

பெரும்பாலானவை 1950களில் இங்கிலாந்தின் சோலிஹல் தொழிற்சாலையில் பிறந்தவை. தேயிலைத் தோட்டத்துத் துரைமார்கள் தங்கள் தோட்டங்களைச் சுற்றிவரக் கொண்டுவந்தவை. துரைமார்கள் கப்பலேறிப் போய்விட்டார்கள். வண்டிகள் கைமாறிக் கைமாறி உள்ளூர் ஓட்டுநர்களிடம் தங்கிவிட்டன. அப்பாவிடமிருந்து மகனுக்கு நிலம் போவதுபோல இங்கே லேண்ட் ரோவர் போகிறது.

அவற்றுக்கு இங்கே கிடைத்திருக்கும் வேலை ஓய்வுக்காலத்துக்கு ஏற்றதல்ல. மானேபஞ்சாங்கிலிருந்து சந்தக்ஃபூ 31 கி.மீ. உயரம் 3,636 மீட்டர். மேற்கு வங்கத்தில் இதைவிட உயர்ந்த இடம் கிடையாது. வானம் தெளிந்த காலையில் எவரெஸ்ட், கஞ்சன்ஜங்கா, லோட்சே, மகாலு என்று உலகின் ஐந்து பெரிய சிகரங்களில் நான்கை ஒரே இடத்தில் நின்று பார்க்கலாம். கஞ்சன்ஜங்காவும் அக்கம்பக்கத்துச் சிகரங்களும் சேர்ந்து மல்லாந்து படுத்திருக்கும் புத்தரைப்போலத் தெரியும். இதற்காகத்தான் கல்கத்தாவிலிருந்தும் அதற்கு அப்பாலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். நடக்க முடிந்தவர்கள் நடக்கிறார்கள். முடியாதவர்கள் லேண்ட் ரோவரில் ஏறி, நான்கு மணி நேரம் எலும்புகளை எண்ணிக்கொண்டே போகிறார்கள்.

பாதையும் நேராக ஏறிவிடுவதில்லை. சித்ரே வழியாகப் போகும் ஏற்றம் மேக்மா, தும்லிங் பக்கம் 3,000 மீட்டரை நெருங்குகிறது. பிறகு காரிபாஸ் நோக்கி நானூறு மீட்டர்போலச் சரிகிறது. ஏறியதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மறுபடியும் முதலிலிருந்து ஏற வேண்டும். அடுத்தது காலிபோக்ரி, கறுத்த தண்ணீர் கொண்ட ஒரு சிறு குளம், சுற்றிலும் பிரார்த்தனைக் கொடிகள். அதையும் தாண்டி பிக்கேபஞ்சாங் வந்தால்தான் உண்மையான பரீட்சை. கடைசி நான்கைந்து கிலோமீட்டரில் பாதை சுவரில் சாய்த்த ஏணிபோல நிமிர்கிறது. பழைய வண்டி ஒன்று மூச்சு வாங்கி நின்றுவிடுமானால் அது பெரும்பாலும் இங்கேதான். முன்பக்கத்திலிருந்து வெள்ளை ஆவி எழும்.

சுற்றுலா வந்தவர்களுக்கு இது புரிவதில்லை. கம்பளிக் குல்லாயும் கையுறையும் போட்டு நடுங்கிக்கொண்டிருக்கும் இடத்தில் எஞ்சின் எப்படிச் சூடேறிக் கொதிக்கும்? நியாயமான கேள்விதான்.

பதில் பாதி சமையலறையில் இருக்கிறது. சந்தக்ஃபூவின் தங்கும் விடுதிகளில் குக்கர் இல்லாமல் பருப்பு வேகாது. கடல் மட்டத்தில் 100 டிகிரியில் கொதிக்கும் தண்ணீர், மேலே போகப்போக, சுமார் 300 மீட்டருக்கு ஒரு டிகிரி வீதம் முன்னதாகவே கொதிக்கத் தொடங்குகிறது. மானேபஞ்சாங்கில் 93 டிகிரி. மேக்மாவைத் தாண்டினால் 90. சந்தக்ஃபூவில் 88. அங்கே அழுத்தும் காற்று, சமவெளியில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குகூட இல்லை. தண்ணீர் ஆவியாகாமல் மேலிருந்து அமுக்கிப் பிடிக்கும் கை தளர்ந்துவிடுகிறது. பருப்புக்கு இது தாமதம். எஞ்சினுக்கு இது ஆபத்து. சமவெளியில் 90 டிகிரியில் நிம்மதியாக ஓடும் வண்டிக்கு மேலே அதே 90 டிகிரி கொதிநிலையைக் கடந்த கணக்கு. எஞ்சின் அதிகம் சூடாகவில்லை. தாங்கும் வரம்புதான் கீழே இறங்கி வந்திருக்கிறது.

ரேடியேட்டர் மூடியின் வேலையும் குக்கர் வெயிட்டின் வேலையும் ஒன்றுதான். ஸ்பிரிங் வைத்த மூடி, உள்ளே அழுத்தத்தைத் தேக்கி, கொதிநிலையை மேலே தள்ளுகிறது. வீட்டுக் குக்கர் சதுர அங்குலத்துக்கு 15 பவுண்டு அழுத்தத்தில் விசில் அடிக்கிறது. இன்றைய கார்களின் ரேடியேட்டர் மூடியும் ஏறத்தாழ அதே கணக்கு. அப்படிப்பட்ட மூடி இருந்தால் சந்தக்ஃபூவில்கூடத் தண்ணீர் 115 டிகிரி வரை கொதிக்காது. ஆனால் அந்தக் காலத்து வண்டிகளில் மூடி இவ்வளவு முரட்டுத்தனமானது அல்ல. 4 பவுண்டில் திறந்துகொள்ளும் மூடி என்றால் உச்சியில் கொதிநிலை 97, 98 டிகிரியோடு சரி. மூடியின் ரப்பர் வளையம் தேய்ந்திருந்தால் அதுவும் இல்லை. வண்டி திறந்த பாத்திரம்தான்.

அப்படியானால் கடையில் 15 பவுண்டு மூடி வாங்கி மாட்டிவிட்டால் போயிற்று என்று தோன்றும். புதிதாகத் தொழிலுக்கு வந்தவர்களுக்கு வரும் ஆசை இது. எழுபது வயதான ரேடியேட்டர் அந்த அழுத்தத்துக்குக் கட்டப்பட்டதே இல்லை. பித்தளைத் தொட்டியும் செம்புக் குழாய்களும் சேரும் ஈயப் பற்றுகள் விட்டுப்போகும். அது தப்பினால் ஹோஸ் பைப் வெடிக்கும். ஹீட்டர் இருந்தால் அதன் குழாய் பிளக்கும். மூடி கெட்டியாக இருக்க இருக்க, அடுத்த பலவீனமான இடத்தைத் தண்ணீர் தேடிக்கொள்ளும்.

மெல்லிய காற்று எஞ்சினை இன்னொரு வழியிலும் படுத்துகிறது. உச்சியில் காற்றின் அடர்த்தி சமவெளியைவிட சுமார் 30 சதவீதம் குறைவு. 1952க்குப் பிறகு வந்த லேண்ட் ரோவரின் 2 லிட்டர் பெட்ரோல் எஞ்சினுக்குச் சோலிஹல் சொன்ன சக்தி 52 குதிரை. சந்தக்ஃபூவில் அதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கைக் காற்றே கழித்துக்கொள்கிறது. மீதி 35 குதிரையை வைத்துக்கொண்டு, ஆட்களையும் மூட்டைகளையும் சுமந்து, மலை ஏற வேண்டும். ஓட்டுநருக்கு இருக்கும் வழி ஒன்றுதான்: லோ ரேஞ்சில் போட்டு, முதல் கியரில், ஆக்சிலரேட்டரை அழுத்திப் பிடிப்பது. எஞ்சின் அலறுகிறது. வண்டி நடந்து போகிறவரின் வேகத்தில் நகர்கிறது. நெடுஞ்சாலையில் ஓடும்போது எதிர்க்காற்று தானாக வந்து ரேடியேட்டரில் மோதும். இங்கே அந்த உபகாரம் கிடையாது. எல்லாம் ஃபேனின் பொறுப்பு. அந்த ஃபேன் தள்ளும் காற்றும் மெலிந்த காற்று. ஒரே அளவு காற்றுக்குள் சூட்டை அள்ளிப்போகும் சரக்கு குறைவு.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். மலையில் வண்டி கொதித்தால் எல்லாப் பழியையும் மெல்லிய காற்றின்மேல் போடுவது வழக்கமாகிவிட்டது. கணக்கு அவ்வளவு சுலபம் இல்லை. காற்று மெலிந்திருந்தாலும் குளிர்ந்திருக்கிறது. சிலிகுரியில் 30 டிகிரிக் காற்று ரேடியேட்டருக்குள் நுழைகிறது என்றால், சந்தக்ஃபூவில் நுழைவது 5 டிகிரிக் காற்று. தண்ணீருக்கும் காற்றுக்கும் உள்ள வித்தியாசம் கூடுவதால், அடர்த்தியில் இழந்ததில் பெரும்பங்கு திரும்பக் கிடைத்துவிடுகிறது. எஞ்சின் குறைந்த சக்தியைத்தான் தருகிறது என்பதால் அது உண்டாக்கும் சூடும் அந்த அளவுக்குக் குறைவு. ரேடியேட்டர் சுத்தமாக இருந்து, ஃபேன் பெல்ட் இறுக்கமாக இருந்து, மூடி பிடித்துக்கொண்டால் 1950களின் வண்டிகூட உச்சிக்குக் கொதிக்காமல் போய்ச் சேரும். மலை செய்வது, ஒளிந்திருக்கும் குறைகளை வெளியே கொண்டுவருவது. சமவெளியில் பாதிக் குழாய் அடைத்த ரேடியேட்டரோடு பல வருஷம் ஓட்டலாம். பிக்கேபஞ்சாங் ஏற்றத்தில் பத்து நிமிஷம் ஓட்ட முடியாது.

குறைகளுக்குப் பஞ்சமும் இல்லை. பல பத்தாண்டுகளாக ஓடைத் தண்ணீரை ஊற்றி ஊற்றி, அதிலிருந்த வண்டல் எஞ்சின் பிளாக்கின் அடியில் சேறாகப் படிந்திருக்கும். வார்ப்பிரும்பின் துரு உதிர்ந்து செம்புக் குழாய்களில் போய் அடைக்கும். வெளியே, ரேடியேட்டரின் மெல்லிய தகடுகளுக்கிடையே மண்ணும் காய்ந்த இலையும் பூச்சிகளும். போதாததற்கு அந்த எஞ்சினின் அமைப்பும் ஒரு காரணம். உள்ளிழுக்கும் வால்வு மேலே தலைப்பகுதியிலும், புகை வெளியேறும் வால்வு பக்கவாட்டில் பிளாக்கிலும் இருக்கும் வினோதமான ஏற்பாடு அது. புகையின் சூட்டில் ஒரு பகுதி வெளியே போகும் வழியில் குளிர்விக்கும் தண்ணீரிலேயே இறங்கிவிடும்.

கார்புரேட்டர் வேறு குழப்பம். அது காற்றின் எடையைப் பார்ப்பதில்லை. அளவைப் பார்த்துப் பெட்ரோலை விடுகிறது. மேலே காற்று மெலியும்போது பெட்ரோல் கூடிப்போகிறது. கறுப்புப் புகை, கரி பிடித்த பிளக், குறைந்த இழுவை. பெட்ரோல் கூடுவதால் எஞ்சின் சூடாவதில்லை என்பது உண்மை. ஆனால் இழுவை போனால் ஆக்சிலரேட்டரை இன்னும் அழுத்த வேண்டியிருக்கிறது. இதற்குப் பரிகாரமாகச் சின்ன ஜெட் போட்டு ஓட்டி, அதை மறந்து அப்படியே சமவெளிக்கு இறங்குபவர்களுக்கு வேறு கண்டம் இருக்கிறது: அங்கே பெட்ரோல் போதாமல் எஞ்சின் உண்மையாகவே காய்ந்துபோகும். மெல்லிய காற்றில் தீ மெதுவாகப் பரவுவதால் ஸ்பார்க் கொஞ்சம் முன்னதாக விழ வேண்டும். டிஸ்டிரிபியூட்டரை ஒரு சிட்டிகை திருப்பிவைக்கும் மெக்கானிக்குக்கு இந்தக் காரணம் தெரிந்திருக்க வேண்டும் என்பதில்லை. கை பழகியிருந்தால் போதும்.

தண்ணீர் மட்டுமா, பெட்ரோலும் மலையில் சீக்கிரம் கொதிக்கும். சூடான எஞ்சினுக்கு அருகே போகும் பெட்ரோல் குழாயில் ஆவிக் குமிழ் உண்டானால் பம்ப்பால் அதை இழுக்க முடியாது. எஞ்சின் இருமி நின்றுவிடும். ஆவி அடைப்பு என்கிற இந்த நோய்க்கு மலைப்பாதைகளின் பழைய வைத்தியம் ஈரத்துணி. குழாயைச் சுற்றி நனைத்த துணியைக் கட்டிவிட்டு ஒரு டீ குடித்து வந்தால் வண்டி கிளம்பிவிடும்.

நேபாளியில் அண்ணனை ‘தாய்’ என்பார்கள். ஓட்டுநரையும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். தமிழ்க் காதில் அது வேறுவிதமாக விழும், பொருத்தமாகவும் விழும். எஞ்சின் கொதித்துவிட்டால் அனுபவசாலி ஒருவர் செய்வதில் பாதி, எதையும் செய்யாமல் இருப்பதுதான். வண்டியைத் திருப்ப இடமிருந்தால் மூக்கைக் காற்று வரும் பக்கம் வைத்து நிறுத்துவார். பின்னாலிருந்து வீசும் காற்றில் ஏறும்போது ஃபேன் முன்னாலிருந்து இழுக்கும் காற்றும் பலவீனமாகிவிடுகிறது. வண்டி காரணமில்லாமல் சூடாகும் நாட்களில் பல இப்படிப்பட்டவை. தண்ணீர் மொத்தமாகக் கொட்டிப்போகாத வரை எஞ்சினை உடனே அணைக்கமாட்டார். அணைத்தால் பம்ப் நின்று, சிலிண்டர் தலையைச் சுற்றியிருக்கும் தண்ணீர் அங்கேயே கொதித்து ஆவியாகும். மெதுவாக ஓடவிட்டு, முள் இறங்கக் காத்திருப்பார். மூடியின்மேல் கை வைக்கவே மாட்டார். அழுத்தத்தில் அடங்கியிருக்கும் 95 டிகிரித் தண்ணீர், 88 டிகிரியில் கொதிக்கும் ஊரில், மூடி திறந்த கணமே ஆவியாகச் சீறும். முகமும் கையும் வெந்துபோகும். ஆறியபிறகும் பச்சைத் தண்ணீரை மடமடவென்று ஊற்றுவதில்லை. சூடான வார்ப்பிரும்பு விரிசல் விடும். எஞ்சினை ஓடவிட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக.

இதில் பொறுமையைச் சோதிப்பவர்கள் பின்னால் உட்கார்ந்திருப்பவர்கள். மேகம் மூடுவதற்குள் உச்சிக்குப் போக வேண்டும் என்ற அவசரம் அவர்களுக்கு. அவர்களுக்கும்கூட அந்த இருபது நிமிஷ நிறுத்தம் நல்லதுதான். ஒரே காலையில் ஆயிரத்தைந்நூறு மீட்டருக்கு மேல் ஏறினால் தலைவலியும் குமட்டலும் வருவது மனிதர்களுக்கும் உண்டு.

உச்சியைத் தொட்டுவிட்டால் பிரச்னை தலைகீழாகிறது. குளிர்காலத்தில் சந்தக்ஃபூவில் இரவு பூஜ்யத்துக்குக் கீழே போகிறது. பகலெல்லாம் கொதிக்காமல் காப்பாற்றிய தண்ணீரை ராத்திரி உறையாமல் காப்பாற்ற வேண்டும். உறையும் தண்ணீர் சுமார் ஒன்பது சதவீதம் விரியும். அந்த விரிவுக்கு வார்ப்பிரும்பு இடம் கொடுக்காது, பிளாக் பிளந்துவிடும். ஹிமாலய ஓட்டுநர்களின் பழைய வழக்கம், இரவில் அடிக் குழாயைத் திறந்து தண்ணீரை முழுக்க வடித்துவிட்டு, காலையில் அடுப்பில் காய்ச்சிய தண்ணீரை ஊற்றிக் கிளப்புவது. கிளைக்கால் கலந்த கூலன்ட் இந்த வேலையை மிச்சப்படுத்தும். பாதிக்குப் பாதி கலந்தால் மைனஸ் 30 டிகிரியைத் தாண்டியும் உறையாது. கொதிநிலையும் சில டிகிரி ஏறும். துருவையும் தடுக்கும். ஆனால் கசியும் ரேடியேட்டரில் கூலன்ட் ஊற்றுவது காசை ரோட்டில் ஊற்றுவதற்குச் சமம். ஓடைத் தண்ணீர் இலவசம். இறக்கத்தில் இன்னொரு தலைவலி: எஞ்சினுக்கு வேலையே இல்லாமல், குளிர்காற்று மட்டும் அடித்து, முள் அடிமட்டத்தில் கிடக்கும். ரேடியேட்டருக்கு முன்னால் ஒரு சாக்கையோ அட்டையையோ கட்டி மறைப்பார்கள். அடுத்த ஏற்றம் வருவதற்குள் அதை எடுத்துவிட ஞாபகம் இருக்க வேண்டும்.

இவ்வளவு தொல்லை கொடுக்கும் வண்டியை ஏன் வைத்துக்கொண்டிருக்கிறார்கள்? முதல் காரணம் உடம்பு. இரண்டாம் உலகப் போருக்குப் பின் பிரிட்டனில் இரும்புத் தகட்டுக்குத் தட்டுப்பாடு இருந்தது. 1948 ஏப்ரலில் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் லேண்ட் ரோவரை அறிமுகப்படுத்திய ரோவர் கம்பெனி, உடல் பாகங்களை அலுமினியக் கலவையில் செய்தது. பஞ்சத்துக்குச் செய்த சமரசம், வருஷத்தில் பாதி நாள் ஈரத்தில் ஊறும் சிங்கலிலா மலைக்குப் பெரிய வரமாகிவிட்டது. உடம்பு துருப்பிடிப்பதில்லை. குட்டையான சக்கர இடைவெளி, லோ ரேஞ்ச் கியர், சுத்தியலும் ஸ்பேனரும் இருந்தால் எதையும் கழற்றலாம் என்கிற எளிமை. அடைத்துப்போன பழைய ரேடியேட்டரின் தொட்டியைக் கழற்றி, குழாய்களில் கம்பி விட்டுச் சுத்தம் செய்து, ஈயம் வைத்துத் திரும்பப் பற்றவைக்கலாம். பிளாஸ்டிக் தொட்டியும் அலுமினியக் குழாயும் கொண்ட இன்றைய ரேடியேட்டரில் அது முடியாது. தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்க வேண்டும்.

ஆனால் எஞ்சின் விஷயத்தில் பலர் விட்டுக்கொடுத்துவிட்டார்கள். பெட்ரோல் விலையும் உதிரிபாகங்கள் கிடைக்காததும் சேர்ந்து, மானேபஞ்சாங் வண்டிகள் பலவற்றில் இப்போது இந்திய ஜீப்களின் டீசல் எஞ்சின் உட்கார்ந்திருக்கிறது. கார்புரேட்டரும் ஸ்பார்க் பிளக்கும் போனதோடு ஆவி அடைப்பும் ஜெட் தகராறும் போயின. குளிர்விக்கும் தகராறு போகவில்லை. டர்போ இல்லாத பழைய பாணி டீசல் பம்ப், காற்று குறைந்தது தெரியாமல் சமவெளிக்குரிய அளவிலேயே எண்ணெயைப் பீய்ச்சும். எரியாத மிச்சம் கரும்புகையாகப் போகும். புகையின் வெப்பமும் ஏறும். வேறு எஞ்சினுக்காகச் செய்த ரேடியேட்டரும் ஃபேனும் அதற்குப் பொருந்துகின்றனவா என்பது ஒட்டவைத்த மெக்கானிக்கின் கைராசியைப் பொறுத்தது. பழைய கார் பிரியர்கள் இந்த மாற்றத்தைப் பார்த்து முகம் சுளிக்கிறார்கள். கண்காட்சி மேடையில் நிற்கும் வண்டிக்கு அந்த நியாயம் சரி. தினமும் கூலிக்கு மலை ஏறி, வீட்டில் அடுப்பெரியச் செய்யும் வண்டியிடம் அதை எதிர்பார்ப்பது கொஞ்சம் அதிகம்.

சோலிஹல்லில் அந்தப் பரம்பரையின் கடைசி வாரிசான டிஃபெண்டர் 2016 ஜனவரியில் நிறுத்தப்பட்டது. லேண்ட் ரோவர் என்ற பெயரே 2008 முதல் டாடா மோட்டார்ஸின் சொத்து. மானேபஞ்சாங்குக்கு இவற்றால் ஒன்றும் ஆகிவிடவில்லை. ஊரின் கவலை பாதையிலிருந்து வருகிறது. பாறாங்கல் பரப்பிய பழைய தடத்தில் நீண்ட பகுதிகள் கான்கிரீட் ஆகிவிட்டன. முன்பு லேண்ட் ரோவரைத் தவிர வேறெதுவும் தைரியமாகப் போகாத ஏற்றங்களில் இப்போது பொலேரோக்கள் ஏறுகின்றன. அவற்றுக்கு 15 பவுண்டு மூடியும், டர்போவும், கதவுக் கண்ணாடியும் உண்டு. இடுப்பு வலிக்காமல் போக விரும்பும் குடும்பங்கள் அதைத்தான் கேட்கின்றன. பழைய வண்டிக்குப் பழமையே இப்போது விற்பனைச் சரக்கு: எழுபது வயது வண்டியில் ஏறிப் போனோம் என்று சொல்லிக்கொள்ள வருபவர்கள் இருக்கும்வரை ஓடும். அப்படி வருபவர்களுக்காக ஒரிஜினல் எஞ்சினைத் திரும்பப் பொருத்துவதா, டீசலோடு காலத்தை ஓட்டுவதா என்பது பல உரிமையாளர்களுக்கு ஒரு வருஷ வருமானத்தை விழுங்கக்கூடிய கேள்வி.

சிங்கலிலா தேசியப் பூங்கா மழைக்காலத்தில், ஜூன் நடுவிலிருந்து செப்டம்பர் நடுவரை, மூடியிருக்கும். சவாரி இல்லாத மூன்று மாதம். ரேடியேட்டரைக் கழற்றிக் கம்பி விட, பெல்ட் மாற்ற, பிளாக்கின் அடியில் படிந்த சேற்றைத் தண்ணீர் பீய்ச்சி வெளியேற்ற வசதியான காலம் அதுதான். அப்போது செய்யாமல் விட்டவர் யார் என்பது அக்டோபரில், பிக்கேபஞ்சாங்குக்கு மேலே, வெள்ளை ஆவியைப் பார்த்தால் தெரிந்துவிடும்.